கேபிளா, ஃபைபரா? – எங்கள் வீட்டுக் கணக்கு

"ஏலே, நீ என்ன படிக்க?"

"என்னப்பா தெரியாத மாதிரி கேக்கீங்க? இ.சி.இ., மூணாம் வருஷம்."

"அப்போ இந்த ரெண்டையும் பாத்துச் சொல்லு. எதை வாங்க?"

போன செமஸ்டர் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த அப்பா, மடியிலிருந்து இரண்டு நோட்டீஸ்களை எடுத்து நீட்டினார். ஒன்று கேபிள் டிவிக்காரர் கொடுத்தது. "டிவியும் நெட்டும் ஒரே வயரில்! 100 எம்.பி. வேகம்! மாதம் ரூ. 500 மட்டுமே!" மற்றது ஒரு ஃபைபர் கம்பெனி ஏஜெண்டு கொடுத்தது. "50 எம்.பி. வேகம். மாதம் ரூ. 450. வரி தனி."

வரியைச் சேர்த்தால் இரண்டாவது 531 ரூபாய். பாதி வேகத்துக்குக் கூடுதலாக 31 ரூபாய் கொடுப்பானா எவனாவது? ஐந்தாம் வகுப்புப் பையனைக் கேட்டாலும் கேபிள்தான் லாபம் என்பான். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் மனதுக்குள் ஏதோ இடித்தது. "ரெண்டு நாள் பொறுங்கப்பா" என்றேன். ரெண்டு நாள் பத்து நாளானது. அந்தப் பத்து நாளில் தெரிந்துகொண்டதைத்தான் நண்பர்களே, உங்களிடம் சொல்லப் போகிறேன். நாளைக்கு உங்கள் வீட்டிலும் இதே கேள்வி வரும். டிப்ளமோ படிக்கிற பிள்ளை முழிக்கக் கூடாது அல்லவா?

எங்கள் ஊர் புன்னக்காயல். பாபநாசம் மலையிலிருந்து ஓடி வருகிற தாமிரபரணி கடலில் கலக்கும் இடம். ஊரில் 'ஃபைபர்' என்றால் கரையில் கிடக்கும் ஃபைபர் படகுதான். வீட்டில் பேச்சு நடக்கும்போது பாட்டி கேட்டாள்: "நம்மகிட்டதான் ஒரு ஃபைபர் கிடக்கே, இன்னொண்ணு எதுக்கு?" எல்லோரும் சிரித்தோம். ஆனால் பாட்டி சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. படகில் இருப்பதும் கண்ணாடி இழைதான், பிசின் ஊற்றி இறுக்கியது. நெட்டுக்கு வருவதும் கண்ணாடி இழைதான், ஒளி போவதற்காகச் சுத்தம் செய்து இழுத்தது.

இதில் விளையாட்டாக முடிவு செய்ய முடியாத காரணம் ஒன்று இருந்தது. அக்கா பி.காம். முடித்து இரண்டு வருடமாக வீட்டில் இருந்தாள். சென்னையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில், வீட்டிலிருந்தே கணக்குப் பதிவு செய்யும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நிபந்தனை: வீட்டுக்கு வயர் வழியாக இணைப்பு வேண்டும், அனுப்பும் வேகம் குறைந்தது 10 எம்.பி. இருக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் காட்ட வேண்டும். கேபிள்காரரோ ஆறு மாதப் பணம் 3,000 ரூபாயை முன்னாலேயே கேட்டார். கடலுக்குப் போய் வந்தால்தான் காசு என்ற வீட்டில், தப்பான வயருக்குக் கட்டிய 3,000 ரூபாய் திரும்பி வராது. வேலையும் வராது.

'எம்.பி.' என்றால் எது?

முதல் குழப்பம் இங்கேதான். நோட்டீஸில் போடும் 'எம்.பி.' என்பது விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்பது. நாம் படத்தின் அளவைச் சொல்லும் 'எம்.பி.' மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் வேகம் என்றால் விநாடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும். "100 எம்.பி. வாங்கினேன், 12தான் வருது, ஏமாத்திட்டான்" என்று சண்டைக்குப் போகிறவர்கள் முதலில் எட்டால் வகுத்துப் பார்க்கவும்.

இந்த வேகம் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள். 1995 ஆகஸ்ட் 15ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, டெலிபோன் வழியாகக் கிடைத்த ஆரம்ப வேகம் 9.6 கிலோபிட். 2004ன் பிராட்பேண்ட் கொள்கை, 256 கிலோபிட் இருந்தாலே 'பிராட்பேண்ட்' என்றது. 2013ல் அது 512 கிலோபிட் ஆனது. 2023 ஜனவரியில் 2 மெகாபிட் ஆனது.

700 மெகாபைட் உள்ள ஒரு படத்தை இறக்கக் கணக்குப் போட்டேன். 9.6 கிலோபிட்டில் ஆறே முக்கால் நாள். 256 கிலோபிட்டில் ஆறு மணி நேரம். 30 மெகாபிட்டில் மூன்று நிமிடம். 100 மெகாபிட்டில் ஒரு நிமிடம்கூட ஆகாது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஆறு நாளிலிருந்து மூன்று நிமிடத்துக்கு வந்தது வாழ்க்கையையே மாற்றும் வித்தியாசம். மூன்று நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்கு வந்தது, ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் அடங்கிவிடும். அதனால் நோட்டீஸில் உள்ள பெரிய எண்ணைப் பார்த்து மயங்கக் கூடாது என்பது முதல் பாடம்.

கேபிள் என்ன செய்கிறது?

1991 வளைகுடாப் போர்க் காலத்துக்குப் பிறகு நம் நாட்டில் தெருத்தெருவாகக் கேபிள் டிவி பரவியது. மாடியில் ஒரு டிஷ், அங்கிருந்து கம்பம் கம்பமாகக் கறுப்பு வயர். தமிழ்நாட்டில் 2007ல் அரசு கேபிள் டிவி நிறுவனம் தொடங்கப்பட்டது. 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்குக் கேபிள் கொடுத்தது. ஆக, இந்த வயர் ஏற்கெனவே வீட்டு வாசலில் நிற்கிறது. கேபிள் நெட்டின் பெரிய பலமே இதுதான். புதிதாகக் குழி தோண்ட வேண்டாம், கம்பம் நட வேண்டாம்.

அந்த வயர் கோ-ஆக்சியல் வகை. நடுவில் ஒரு கம்பி, சுற்றிலும் நுரை, அதன் மேல் வலை போன்ற உலோகப் பின்னல், மேலே உறை. லேபில் நாம் கையால் பிடித்துப் பார்த்த 75 ஓம் ஆர்.ஜி.-6 அதுதான். டிவி சேனல்கள் ஓடுவது போலவே, காலியாக உள்ள சில சேனல்களில் டேட்டாவை ஓட்டினால் அது கேபிள் நெட். இதற்கான 'டாக்சிஸ்' என்ற விதிமுறையின் முதல் பதிப்பு 1997ல் வந்தது. 2006ல் வந்த 3.0 பதிப்பு பல சேனல்களைச் சேர்த்துக் கட்டி வேகம் கூட்ட வழி செய்தது. 2013ல் வந்த 3.1 பதிப்பில் கிகாபிட் வேகமும் முடியும். அமெரிக்காவில் இன்றும் கோடிக்கணக்கான வீடுகளுக்குக் கேபிள் வழியாகத்தான் இணையம் போகிறது. எனவே 'கேபிள் என்றால் மட்டம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பிறகு சிக்கல் எங்கே? நான்கு இடத்தில்.

முதலாவது, பங்கு. ஒரு 8 மெகாஹெர்ட்ஸ் சேனலில் சுமார் 50 மெகாபிட் ஓடும். நான்கு சேனல் சேர்த்தால் 200. அந்தப் பகுதி வயரில் 100 வீடுகள் இருந்து எல்லோரும் ஒரே நேரத்தில் இழுத்தால் ஆளுக்கு 2 மெகாபிட்தான். காலையில் எல்லோரும் வேலைக்குப் போனபின் 100 காட்டும். இரவு ஒன்பது மணிக்கு அதே வயர் மூச்சு வாங்கும்.

இரண்டாவது, அனுப்பும் வேகம். கேபிள் முதலில் டிவிக்காக, அதாவது ஒருவழியாக அமைந்தது. வீட்டிலிருந்து மேலே போகும் டேட்டாவுக்கு அடியில் உள்ள குறுகிய அலைவரிசைதான் மிச்சம். தெருவில் உள்ள மிக்ஸி, மோட்டார், லூஸ் கனெக்ஷன் எல்லாவற்றின் இரைச்சலும் அந்த அலைவரிசைக்குள்தான் வந்து சேரும். ஆகவே இறங்குவது 100 என்றாலும் ஏறுவது அதில் சிறு பங்காகத்தான் இருக்கும். நோட்டீஸில் ஏறும் வேகத்தைப் பெரும்பாலும் போடமாட்டார்கள்.

மூன்றாவது, இழப்பு. ஆர்.ஜி.-6 வயரில் 1 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் 100 மீட்டர் போவதற்குள் சுமார் 20 டெசிபெல் குறைகிறது. நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால் வழியில் ஆம்பிளிஃபயர் வைத்துத் தூக்கிவிட வேண்டும். ஆம்பிளிஃபயருக்குக் கரண்டு வேண்டும். நம் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும், தெருவில் கரண்டு போனால் வயர் செத்துவிடும். லைனின் கடைசியில் இருக்கிற வீட்டின் கதை, வாய்க்காலின் கடைமடை வயல் கதைதான்.

நான்காவது எங்கள் ஊருக்கே உரியது: உப்புக் காற்று. வயர் முனையில் உள்ள கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் பச்சை பூத்திருக்கும். பின்னலுக்குள் ஈரம் ஏறினால் மொத்தத் துண்டையும் மாற்ற வேண்டியதுதான்.

கண்ணாடிக்குள் ஓடும் வெளிச்சம்

எங்கள் பக்கம் சங்கு குளிக்கப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். தண்ணீருக்குள்ளிருந்து நேர் மேலே பார்த்தால் வானம் தெரியும். சாய்வாகப் பார்த்தால் வானம் தெரியாது; கடல் மேற்பரப்பே கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். ஏறக்குறைய 49 டிகிரிக்கு மேல் சாய்ந்துவிட்டால் ஒளி தண்ணீரைவிட்டு வெளியே வராமல் உள்ளேயே திரும்பிவிடுகிறது. பிசிக்ஸில் நாம் படித்த முழு அக எதிரொளிப்பு இதுதான். இதையே கண்ணாடி இழைக்குள் செய்தால், ஒளி வெளியே சிந்தாமல் வளைந்து வளைந்து போகும்.

கண்ணாடி இழைக் கற்றை வழியாகப் படத்தை அனுப்பலாம் என்று 1954ல் எழுதியவர்களில் ஒருவர் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. கண்ணாடியிலுள்ள அழுக்கை நீக்கினால் ஒளியைக் கிலோமீட்டர் கணக்கில் அனுப்ப முடியும் என்று 1966ல் காட்டியவர் சார்லஸ் காவ். கிலோமீட்டருக்கு 20 டெசிபெல்லுக்குள் இழப்பு இருந்தால் போதும் என்றார். 1970ல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அந்த எல்லையைத் தாண்டியது. காவுக்கு 2009ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று 1550 நானோமீட்டர் ஒளியில் கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் அளவுதான் இழப்பு. கேபிள் 100 மீட்டரில் தொலைப்பதைத் தொலைக்கக் கண்ணாடிக்கு 100 கிலோமீட்டர் ஆகும். ஆயிரம் மடங்கு வித்தியாசம்!

2006ல் நம் தூத்துக்குடியிலிருந்தே கொழும்புக்குப் பக்கத்து மவுண்ட் லவினியாவுக்குக் கடலடியில் இப்படி ஒரு ஒளியிழைக் கேபிள் போட்டார்கள். கடலுக்கு அடியில் அண்டை நாடு வரை போகிற சாமான், ஆத்தூரிலிருந்து எங்கள் ஊருக்கு வர முடியாதா?

வீட்டுக்கு வரும் ஃபைபர் பெரும்பாலும் 'ஜிபான்' முறை. எக்ஸ்சேஞ்சில் உள்ள பெட்டியின் ஒரு போர்ட்டிலிருந்து ஓர் இழை புறப்படுகிறது. வழியில் 'ஸ்பிளிட்டர்' என்ற சிறு கண்ணாடிப் பாகம் அதை 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிக்கிறது. ஸ்ரீவைகுண்டம் அணையில் ஆறு வடகாலாகவும் தென்காலாகவும் பிரிவது மாதிரி. ஆனால் இங்கே ஷட்டர் திறக்க ஆளும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். வழி நெடுகக் கரண்டே தேவையில்லை என்பதுதான் இதன் அழகு.

ஃபைபரிலும் பங்கு உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஒரு போர்ட்டின் மொத்த வேகம் இறங்க 2,488 மெகாபிட், ஏற 1,244 மெகாபிட். 32 வீடும் ஒரே நேரத்தில் இழுத்தாலும் இறங்க ஆளுக்கு 77, ஏற 38. மேலே கேபிளுக்குப் போட்ட 2 மெகாபிட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சிக்னல் வந்து சேருமா என்பதையும் நாமே கணக்குப் போடலாம். புறப்படும் ஒளி +3 டி.பி.எம். என்று வைப்போம். 32 கிளை ஸ்பிளிட்டரில் 17 டெசிபெல் போகும். 5 கி.மீ. இழையில், கிலோமீட்டருக்கு 0.35 வீதம், 1.75. நான்கு கனெக்டரில் 2. ஆறு ஒட்டில் 0.6. மொத்தம் 21.35. வீட்டுக்கு வருவது –18.35 டி.பி.எம். வீட்டுப் பெட்டிக்கு –27 வரை போதும். இன்னும் எட்டு டெசிபெல்லுக்கு மேல் கையிருப்பு! உங்கள் வீட்டு மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தில் இந்த எண்ணைப் பார்க்கலாம். அது –27ஐ நெருங்கினால் வயர் எங்கோ மடங்கியிருக்கிறது, அல்லது கனெக்டரில் அழுக்கு என்று அர்த்தம். ஒன்று மட்டும் எச்சரிக்கை: ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

இன்னொரு விஷயம். 'ஃபைபர் நெட்' என்று பெயர் வைத்ததெல்லாம் வீட்டுக்குள் வரும் ஃபைபர் அல்ல. சிலர் தெருமுனைக் கம்பம் வரை ஃபைபர் கொண்டுவந்து, அங்கே ஒரு ஸ்விட்ச் பெட்டி வைத்து, வீட்டுக்குச் சாதாரண லேன் வயரை இழுத்துவிடுவார்கள். அதற்கு 100 மீட்டர் எல்லை. இடி இறங்கினால் போர்ட் போய்விடும். கம்பத்துப் பெட்டிக்குக் கரண்டும் வேண்டும். 'ஏர்ஃபைபர்' என்ற பெயரில் 2023ல் வந்ததோ வீட்டு மாடி வரை ரேடியோ அலைதான். பெயரைப் பார்க்காதீர்கள், வீட்டுச் சுவரில் நுழையும் வயரைப் பாருங்கள்.

நேரில் அளந்து பார்த்தேன்

படித்தது போதும் என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இரண்டு வீடுகளுக்குப் போனேன். ஒன்று கேபிள் நெட் வைத்திருந்த அண்ணாச்சி வீடு. மற்றது அடுத்த தெருவில் ஃபைபர் வாங்கியிருந்த என் பள்ளித் தோழன் வீடு. வைஃபையில் அளந்தால் சுவர், பீரோ எல்லாம் குறுக்கே வரும் என்பதால் இரண்டிலும் லேன் வயர் செருகியே அளந்தேன்.

கேபிள் வீட்டில் காலை 11 மணிக்கு இறங்க 88, ஏற 4. இரவு 9 மணிக்கு இறங்க 19, ஏற ஒன்றரை.

ஃபைபர் வீட்டில் காலையில் இறங்க 48, ஏற 46. இரவில் இறங்க 47, ஏற 45.

நோட்டைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அக்காவுக்கு வேண்டியது ஏற 10. '100 எம்.பி.' வயரில் அது கிடைக்கவே கிடைக்காது. '50 எம்.பி.' வயரில் நான்கு மடங்குக்கு மேல் கிடைக்கிறது. அப்பா கையில் கொடுத்த நோட்டீஸ் இரண்டிலும் இந்த எண் மட்டும்தான் இல்லை!

இனி ரூபாய்க் கணக்கு

விலைப் பட்டியலை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். 2020 செப்டம்பரில் ஜியோ ஃபைபர் வெளியிட்ட பட்டியலில் 30 மெகாபிட்டுக்கு ரூ. 399, 100க்கு ரூ. 699, 150க்கு ரூ. 999. அடுத்த மாதம் பி.எஸ்.என்.எல். வெளியிட்டதில் 30க்கு ரூ. 449, 100க்கு ரூ. 799, 200க்கு ரூ. 999. எல்லாவற்றுக்கும் மேலே 18 சதவீத வரி. 399 என்பது கையிலிருந்து போகும்போது 471. 699 என்பது 825. விலைகள் அவ்வப்போது மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

ஒரு மெகாபிட்டுக்கு என்ன விலை என்று வகுத்தால் 30ன் பிளானில் 13 ரூபாய், 100ன் பிளானில் 7 ரூபாய். "பெரிசா வாங்கினாத்தான் லாபம்" என்று ஏஜெண்டு சொல்வது இதை வைத்துத்தான். மூட்டையாக வாங்கினால் அரிசி மலிவுதான். ஆனால் வீட்டில் நாலு பேருக்குச் சோறு வேண்டும். நாற்பது பேருக்கு அல்ல. அக்கா வேலைக்கு 10, நான் பாடம் பார்க்க 5, கப்பலில் இருக்கும் சித்தப்பாவோடு வீடியோவில் பேச 3, தம்பி படம் பார்க்க 5. எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தாலும் 23தான். போதாக்குறைக்கு, பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும் உள்ள மோடத்தில் போனுக்கு 40, 50க்கு மேல் வருவது கஷ்டம். அப்புறம் 150 எதற்கு?

டேட்டா அளவைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். அந்தப் பட்டியல்களில் மாதம் 3,300 ஜி.பி. எல்லை இருந்தது. நாளைக்கு 110 ஜி.பி. ஒரு குடும்பம் முழித்திருக்கும் நேரமெல்லாம் படம் பார்த்தாலும் தீராது.

போன் ரீசார்ஜோடும் ஒப்பிட்டேன். 2024 ஜூலை விலையேற்றத்தில் ஜியோவின் தினம் ஒன்றரை ஜி.பி. பிளான் 28 நாளைக்கு ரூ. 239லிருந்து 299 ஆனது. எங்கள் வீட்டில் நாலு போன். 299 வீதம் நாலுக்கும் 1,196 ரூபாய். வீட்டில் வயர் வந்துவிட்டால் அம்மா, பாட்டி போன்களுக்குப் பேச மட்டும் ரீசார்ஜ் செய்தால் போதும். பேச்சுக்கு மட்டும் தனி ரீசார்ஜ் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி செய்திருக்கிறது. கடலுக்குப் போகும் அப்பா போனுக்கும், ஹாஸ்டலில் இருக்கும் என் போனுக்கும் டேட்டா வேண்டும். அதை விட முடியாது. அப்படியும் வயருக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அங்கேயே மிஞ்சுகிறது.

கரண்டும் வெள்ளமும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். பக்கத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. ஆறு கரை புரண்டு, சாலை அறுந்து, புன்னக்காயல் தனித்தீவாகிவிட்டது. கரண்டு இல்லை, போனில் டவர் இல்லை. ஹாஸ்டலில் இருந்த நான் வீட்டுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள்தான் அம்மா குரல் கேட்டது.

அந்த மாதிரி நாளில் எந்த வயரும் உதவாது என்பது உண்மை. ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு எது சீக்கிரம் எழுந்து நிற்கும் என்பதும் ஒரு கேள்வி. தண்ணீர் புகுந்த கோ-ஆக்சியல் வயரும் ஆம்பிளிஃபயரும் குப்பைக்குத்தான். கண்ணாடிக்குத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. ஒட்டுப் பெட்டியை ஒழுங்காக சீல் செய்திருந்தால் மறுமுனையில் கரண்டு வந்ததும் ஓடும்.

சாதாரண மின்தடைக்கு வழி நம் கையிலேயே இருக்கிறது. வீட்டு மோடம் பொதுவாக 12 வோல்ட், 1 ஆம்பியர். அதாவது அதிகபட்சம் 12 வாட். 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் 84 வாட்-ஹவர் இருக்கிறது. வகுத்தால் ஏழு மணி நேரம். இழப்பெல்லாம் போக ஐந்து மணி நேரம் நிச்சயம். மோடத்துக்கென்றே சிறிய யு.பி.எஸ். கடையில் கிடைக்கிறது. வழியில் கரண்டு தேவைப்படாத ஃபைபருக்கு இது பலன் தரும். தெரு ஆம்பிளிஃபயர் செத்துப்போன கேபிளுக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

முடிவு என்ன?

பதினோராவது நாள் அப்பாவிடம் நோட்டைக் காட்டினேன். "50தான் 100ஐ விடப் பெரிசுங்கியா?" என்று கேட்டுச் சிரித்தார். ஆனால் ஃபைபரையே வாங்கினோம். மாதம் மாதம் கட்டும்படி. அக்கா ஏற 46 என்று வந்த பக்கத்தை அனுப்பினாள். அடுத்த திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். இரண்டாம் மாதம் ஒரு லோடு வண்டி, தெருவில் தாழத் தொங்கிய வயரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மோடத்தில் சிவப்பு விளக்கு. புகார் கொடுத்தும் நாலு நாள் யாரும் வரவில்லை. அக்கா தினமும் பஸ் ஏறி ஆத்தூரில் தோழி வீட்டுக்குப் போய் வேலை பார்த்தாள். பழைய கேபிள் வயர் அறுந்தால் நம் ஊர்ப் பையனே ஏறி முறுக்கிவிடுவான். கண்ணாடியை முறுக்க முடியாது. இதுதான் ஃபைபரின் குறை. என் நோட்டில் எழுதாமல் விட்ட எண்ணும் இதுதான்: அறுந்தால் எத்தனை நாள்?

ஐந்தாம் நாள் தூத்துக்குடியிலிருந்து ஒருவர் ஒட்டும் மிஷினோடு வந்தார். அன்று சனிக்கிழமை, நானும் வீட்டில் இருந்தேன். உறையை உரித்தார். ஸ்பிரிட்டில் துடைத்தார். சின்ன வெட்டியில் முனையை நேராக வெட்டினார். 125 மைக்ரான் தடிமனுள்ள இரண்டு முனைகளை மிஷினுக்குள் வைத்தார். திரையில் அவை தூண் மாதிரித் தெரிந்தன. ஒரு பொறி. அவ்வளவுதான். இழப்பு 0.02 என்று காட்டியது. விளக்கு பச்சையானது.

"அண்ணே, நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"டிப்ளமோதான் தம்பி. வயர் இழுக்க எத்தனையோ பேர் இருக்காங்க. ஒட்டத்தான் ஆள் இல்ல. இன்னைக்கு மட்டும் இன்னும் ஆறு ஊருக்குப் போகணும்."

நண்பர்களே, அந்த வார்த்தைதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. 2011ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்து, பின்னர் 'பாரத்நெட்' என்று பெயர் மாறிய திட்டத்தின் கீழ், தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஒளியிழை கொண்டுபோக வேண்டும் என்று திட்டமிட்டார்கள். 12,525 இடத்துக்கு இழை போகிறது என்றால், அத்தனை இடத்திலும் அது என்றாவது ஒருநாள் அறுந்தும் போகும். ஒட்டப் போவது யார்?

வயர் வாங்கப் போகிறவர்கள் கேட்க வேண்டிய ஆறு கேள்விகளை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

1. வீட்டுக்குள் வருவது கண்ணாடியா, செம்பா?
2. ஏறும் வேகம் எவ்வளவு?
3. இரவு ஒன்பது மணிக்கு எவ்வளவு? பக்கத்து வீட்டில் அளந்து பார்க்கலாமா?
4. வரி, மோடம், இணைப்புக் கட்டணம் எல்லாம் சேர்த்து மாதம் எவ்வளவு?
5. தெருவில் கரண்டு போனால் ஓடுமா?
6. அறுந்தால் ஒட்டுகிறவர் எந்த ஊரில் இருக்கிறார்?

1578ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ்ப் புத்தகத்தைத் தந்த அண்டிரிக் அடிகளார் எங்கள் புன்னக்காயலில் வாழ்ந்து பணியாற்றியவர். தமிழ் எழுத்து அச்சேறிய கதையில் முன்வரிசையில் நிற்கிற ஊர், இணையத்தின் கதையில் கடைமடையாக நிற்க வேண்டியதில்லை. இந்த வருடம் டிப்ளமோ முடித்ததும் நான் முதலில் கற்றுக்கொள்ளப் போவது அந்த ஒட்டு வேலையைத்தான். அடுத்த முறை எங்கள் தெருவில் சிவப்பு விளக்கு எரிந்தால், ஆறாவது கேள்விக்கு 'புன்னக்காயலிலேயே இருக்கார்' என்று பதில் சொல்ல முடிய வேண்டும். உங்கள் ஊரில் யார் சொல்லப் போகிறீர்கள்?

– மூன்றாம் ஆண்டு மாணவர்,
மின்னணுவியல் – தொடர்பியல் துறை